எடுத்துப் பேசியவள்

“போன்ல எடுத்துப் பேசுனது நீதானம்மா?”

சுவேதா சிஸ்டர் அப்படிக் கேட்டபோது, அந்தக் கேள்வியில் பயப்பட என்ன இருக்கிறது என்று சினேகாவுக்குத் தெரியவில்லை. அவள் பயம் வேறாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மாடியிலிருந்து அவளை ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாத நிலைமையோ என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். காலை பத்து மணிக்கு, வாட்ச்மேன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்துவிட்டாள்.

சிதம்பரம் மேலவீதிக்குப் பின்னால் இருந்த பழைய ஆஸ்பத்திரி அது. குறைமாதப் பிள்ளைகளின் வார்டு இரண்டாம் மாடியில் இருந்தது. தாய்மார்கள் தங்கும் கூடம் தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறையை ஒட்டி. டெட்டாலும் ஈரத்துணியும் கலந்த வாடை அந்தக் கூடத்தைவிட்டுப் போனதே இல்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். ஒவ்வொரு பிள்ளையின் தலைமாட்டிலும் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் தாயின் போன் நம்பரை எழுதியிருப்பார்கள். சிஸ்டர் அந்த நம்பரைக் கூப்பிடுவார். கூப்பிட்டால்தான் மேலே ஏறலாம். மாடி ஏறும்போதே மாஸ்க், வாசலில் பச்சை கவுன், தொப்பி. உள்ளே போய்விட்டால் எல்லா அம்மாக்களும் ஒன்றுபோல்தான் இருப்பார்கள். அங்கே பெயர் கிடையாது, படுக்கை நம்பர்தான். சினேகா பன்னிரண்டு.

“நான் பேசல சிஸ்டர். எனக்குக் காலே வரல,” என்றாள்.

“வராம என்னா? ராத்திரி ஒம்போதுலேர்ந்து காலைல ஒம்போது வரைக்கும் அஞ்சு தரம் கூப்ட்டிருக்கோம். அஞ்சு தரமும் மொத ரிங்லயே எடுத்த. வந்து குடுத்துட்டுப் போன.” சுவேதா நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஐந்து இடத்தில் டிக் போட்டிருந்தது. “புள்ளை நல்லாத்தான் குடிக்கிறான். வயிறு நெறையுது. எடை மட்டும் எறங்குது. ஆயிரத்து முந்நூறுக்கு வந்துட்டான். இதுக்கு மேல எறங்குனா தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ வேளாவேளைக்குச் சாப்புடுறியா இல்லியா?”

“இப்ப குடுக்கட்டா சிஸ்டர்?”

“இப்பதான் தூங்குறான். பன்னெண்டு மணிக்குக் கூப்புடுறேன். போன்ல கோளாறுன்னா மொதல்ல போயி அதச் சரிபண்ணு.”

சினேகாவின் மார் இரண்டும் கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தன. ராத்திரியெல்லாம் பால் கொடுத்தவளுக்கு இப்படிக் கட்டுமா என்று கேட்க நினைத்தாள்.

வாசலில் கவுன் மடித்துக்கொண்டிருந்த ஆயா புஷ்பவள்ளி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏ பொண்ணு, நம்பர மாத்துனியா?”

“நம்பர் அதேதான்க்கா. சிம் கம்பெனிதான் மாத்துனோம். எங்க சோனாங்குப்பத்துல அந்தக் கம்பெனி டவர்தான் நல்லா கெடைக்குது. அவுரு கடல்லேர்ந்து கரைக்குக் கிட்ட வந்தா பேசலாம்னு மாத்துனாரு. மாத்துனதுலேர்ந்து சரியில்ல. நான் அடிச்சாலும் ரெண்டு ரிங்குல கட்டாவுது.”

புஷ்பவள்ளி வார்டுக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு உதடு அசையாமல் பேசினாள்.

“ரெண்டு வருசம் முன்ன பரங்கிப்பேட்டைப் பக்கத்துலேர்ந்து ஒருத்தி வந்திருந்தா. அவ போனுக்கும் இப்பிடித்தான் கால் போவல. புள்ளைக்கு மூச்சு வாங்குதுன்னு மேலேர்ந்து கூப்ட்டுக்கிட்டே இருந்தாங்க. அவ கீழ கூடத்துல போன மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா. சங்கதி தெரியறப்ப எல்லாம் முடிஞ்சிபோச்சி. எட்டாம் நாள் அவளும் போய்ச் சேந்துட்டா.”

“அதுக்கு?”

“அதுலேர்ந்து, போய்ச் சேராத காலெல்லாம் அவ எடுத்துக்குறா. சீக்கிரம் சரிபண்ணிக்க, போ.”

மேலவீதியில் இளவரசுவின் செல்போன் கடை தேர்நிலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வெயில் ஏறிவிட்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவே ஒவ்வோர் எட்டுக்கும் தையல் சுரீர் என்றது. துணைக்கு வந்த நாத்தனார் முந்தாநாளே கடலூருக்குத் திரும்பிவிட்டாள். புருஷன் ஜெயசீலன் எந்த ஆழத்தில் வலை விட்டுக்கொண்டிருக்கிறானோ தெரியாது. அவளுக்கென்று இருந்தது கையிலிருந்த அந்தப் பழைய செட் ஒன்றுதான்.

இளவரசு அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான்.

“இந்த செட்டுக்கு ரேஷன் கார்டே குடுத்துடலாம் போலிருக்கேக்கா. எத்தன வருசமா வச்சிருக்கீங்க?”

“தம்பி, சீக்கிரம் பாருங்க. பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து கால் வரும். அது எனக்கு வந்தே ஆவணும்.”

அவள் குரலைக் கேட்டதும் அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

“கோடு நாலும் காட்டுது. நெட்டும் ஓடுது. விசயம் என்னான்னா, ஒங்க பழைய கம்பெனில பேச்சுக்குன்னு தனியா பழைய டவர் இருந்துச்சி. இவுங்கள்ட்ட அது கெடையாது. பேச்சும் நெட்டு வழியாதான் வரணும். அதுக்கு செட்டிங்குல ஒரு சுவிட்ச் இருக்கு. ஒங்களுது அணைஞ்சி கெடக்கு. அதான் இவ்ளோ தொல்ல.”

சிம்மைக் கழற்றித் துடைத்து முதல் துளையில் போட்டான். நெட்வொர்க்கை 4ஜி என்று மாற்றினான். அந்த சுவிட்சைத் தேடிப் போட்டான். பழைய கம்பெனியின் செட்டிங்கையெல்லாம் அழித்தான். செட்டை அணைத்து மறுபடி எழுப்பினான். டவர் கோட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் குட்டி எழுத்து ஒன்று வந்து நின்றது.

“ஆச்சிக்கா. இனிமே கால் வரலன்னா என்னக் கேளுங்க. இருங்க, ஒரு டெஸ்ட் கால் போடுறேன்.”

தன் போனிலிருந்து அவள் நம்பரை அடித்தான். கண்ணாடி மேசைமேல் அவள் செட் கிடந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது அசையவில்லை.

இளவரசுவின் முகம் மெல்ல மாறியது.

“எடுத்துட்டாங்களேக்கா,” என்றான், குரல் கீழே இறங்கி. “யாரோ எடுத்துட்டாங்க.”

அவன் நீட்டிய போனை சினேகா காதில் வைத்தாள்.

டிக், டிக் என்று ஒரு மிஷின் சத்தம். பன்னிரண்டாம் படுக்கைக்கு மேலே இருந்த மிஷின். அந்தச் சத்தத்தை அவள் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வாள். அதற்கு அடியில் சின்னதாக இன்னொரு சத்தம். பல்லில்லாத வாய் ஒன்று சப்பிச் சப்பி விழுங்கும் சத்தம்.

“யாரு?” என்றது குரல்.

அவளுடைய குரல்.

“நான்... நான் சினேகா.”

விழுங்கும் சத்தம் நிற்கவில்லை.

“சினேகா நான்தான். புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கேன். அப்பறம் பேசு.”

மணி பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. இந்தத் தரம் நேரத்துக்கு முன்னாலேயே மாடியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

வீதியை எப்படிக் கடந்தாள் என்பது அவளுக்குப் பிறகு நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் கத்தியதும், முதல் மாடித் திருப்பத்தில் சூடாக ஏதோ அடிவயிற்றிலிருந்து தொடை வழியே இறங்கியதும் மட்டும் நினைவிருந்தது. மாஸ்க் இல்லை. செருப்பில் ஒன்று இல்லை.

வார்டுக் கதவில் சுவேதா குறுக்கே கை நீட்டினாள். “யாரு நீ? எங்க ஓடுற?”

“பன்னெண்டு சிஸ்டர். நான்தான் பன்னெண்டு.”

“பன்னெண்டோட அம்மா உள்ள இருக்காங்க.”

“அவ இல்ல சிஸ்டர். காலைல ஒங்ககிட்ட வந்து நின்னது நான்தான். என் மூஞ்சியப் பாருங்க.”

சுவேதா பார்த்தாள். மாஸ்க் இல்லாத அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. கண்ணாடிக் கதவின் வழியே உள்ளே பார்த்தாள். பன்னிரண்டுக்குப் பக்கத்தில், பச்சை கவுனில், முதுகைக் காட்டியபடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு பேர் வந்து புள்ளை என்னுதுன்னா நான் யார்கிட்ட குடுக்குறது? நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா என் வேலை போயிடும்.” சுவேதா தன் போனை எடுத்தாள். “இரு. நம்பர அடிக்கிறேன். யாரு போன் அடிக்குதோ அவதான் அம்மா.”

ஸ்பீக்கரில் போட்டாள்.

சினேகா செட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கோடு நாலும் இருந்தது. குட்டி எழுத்தும் இருந்தது. அடி. ஒரே ஒரு தரம் அடி. இனிமேல் எப்போதும் அடிக்க வேண்டாம், ஜெயசீலன் பேசாவிட்டாலும் போகிறது, இப்போது மட்டும் அடி.

அடிக்கவில்லை.

கண்ணாடிக்கு உள்ளே எங்கோ ஒரு போன் ஒருமுறை அடித்து நின்றது.

“சொல்லுங்க சிஸ்டர்,” என்றது சுவேதாவின் கையிலிருந்த ஸ்பீக்கர். “உள்ளதான் இருக்கேன்.”

சுவேதா கதவோடு ஒட்டி நின்றுவிட்டாள். பக்கத்தில் நிற்கிறவளின் குரலும் ஸ்பீக்கரில் வந்த குரலும் ஒன்றேதான்.

அப்போது பிள்ளை அழுதான். எலிக்குஞ்சு கத்துவதுபோல மெலிந்த அழுகை. அதைக் கேட்டதும் சினேகாவின் மார்பில் ஊசி பாய்ந்ததுபோல் இருந்தது. ஒரு நாள் முழுக்கக் கட்டிக் கிடந்த பால் உடைந்துகொண்டது. ஜாக்கெட் நனைந்தது. புடவை நனைந்தது. வயிற்றில் வழிந்து தரையில் சொட்டியது.

சுவேதா தரையைப் பார்த்தாள். கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே பழம்பால் திரிந்த வாடை அடித்தது. பச்சை கவுன்காரி திரும்பினாள். கையில் போன் எதுவும் இல்லை. மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்கள், தினமும் கண்ணாடியில் சினேகா பார்க்கும் அதே கண்கள். வெகுநேரம் அழுது வீங்கியிருந்தன.

“குடு,” என்றாள் சினேகா.

பச்சை கவுன்காரி தகராறு செய்யவில்லை. பிள்ளையை ஒருமுறை நெஞ்சோடு அழுத்திவிட்டு, நீட்டிய கைகளில் வைத்தாள். அழுகை நின்றிருந்தது. பிள்ளையின் வாயைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்திருந்தது. சினேகா அதைத் துடைத்து மார்பில் வைத்தாள். உதடு குளிர்ந்திருந்தது. பால் தானாகச் சொட்டி அதன்மேல் விழுந்தது.

பிள்ளை இழுக்கவில்லை.

“குடிடா. அம்மாடா. குடிடா ராசா.”

மிஷினின் டிக், டிக் விட்டு விட்டுக் கேட்டது.

பச்சை கவுன்காரி எழுந்தாள். பார்க்க வந்தவள் கிளம்புகிற மாதிரி மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். யாராயிருந்தாலும் வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் கிளம்புவார்கள். சாவு விழுந்த இடத்திலிருந்து மட்டும்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார்கள். இவள் வரேன் என்று சொன்னால் நிச்சயம் திரும்பி வருவாள். அது சினேகாவுக்குத் தெரிந்தே இருந்தது.

“அக்கா,” என்றாள். “வரேன்னு சொல்லிட்டுப் போக்கா. எப்ப வேணா வா. வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ.”

அவள் நின்றாள். பிள்ளையைப் பார்த்தாள்.

சுவேதாவின் கையிலிருந்த போன் இன்னும் கட்டாகாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஸ்பீக்கரில், வெறுங்கால்கள் படியிறங்கும் சத்தம், ஒரு மாடி, இன்னொரு மாடி என்று, ஒரு பேச்சும் இல்லாமல் தேய்ந்துகொண்டே போனது.