வாசலில் ஒரு சும்மாடு

வாசற்படிக் கல்லின் மேல் ஒரு சும்மாடு கிடந்தது.

பழைய சேலைத்துணியை வளையமாகச் சுருட்டிச் சுமைக்கு அடியில் தலையில் வைத்துக்கொள்வார்களே, அதுதான். சின்னாளப்பட்டிச் சுங்குடித் துணி. ஒரு காலத்தில் அரக்கு நிறமாக இருந்திருக்கும், இப்போது மண் நிறம். வாசல் தெளிக்க வந்த தமிழ்மதி நிறைவயிற்றோடு குனிய முடியாமல் கால் விரலால் அதைத் தள்ளிப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. மழை பெய்து நாளாகிவிட்டது, பனிக்காலமும் இல்லை. நடுவில் தலை அழுந்திய குழி அப்படியே இருந்தது. குழியில் நீளமான கறுப்பு முடி இரண்டு ஒட்டியிருக்க, விளக்கெண்ணெய் வாசனை குப்பென்று வந்தது.

"பொன்னழகக்கா, இது உங்க சும்மாடா?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டாள்.

"எனக்கு எதுக்குடி சும்மாடு? புல்லுக்கட்ட வண்டியில வச்சுல்ல கொண்டாரேன். இப்ப யாரு தலைல தூக்குறா?"

அதுவும் சரிதான். தமிழ்மதி அதை விளக்குமாற்றால் வேலி ஓரம் தள்ளிவிட்டு மறந்தும் போனாள். மறுநாள் காலையில் அது திரும்பவும் கல்லின் மேல் இருந்தது. பக்கத்தில், இப்போதுதான் அறுத்தது போல, நாலைந்து பச்சைப் புல்.

அந்தக் கல்லும் வீட்டுக்குப் புதிதுதான். எரியோட்டுக்குப் போகும் சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஊர் மயானம் சாலையோரம் இருந்ததால் பாதிக்கு மேல் போய்விட்டது. குளக்கரைக்கு அந்தப் பக்கம் வேறு இடம் காட்டி, அவரவர் வீட்டு ஆட்களை அவரவர் எடுத்துக்கொண்டுபோய் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஊரே திரண்டு நின்றது என்று அவள் கணவன் பாண்டியராஜ் வந்து சொன்னான். இயந்திரம் தோண்டத் தோண்ட, புதுக் கலயத்தோடு காத்திருந்தவர்கள் எலும்பை மஞ்சள் தண்ணீரில் கழுவித் துணியில் முடிந்து சுமந்து போயிருக்கிறார்கள். யாருடைய தாத்தா யாருடைய கலயத்தில் போனார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அவர்கள் வீட்டுச் சிவனம்மாளின் குழியில் மட்டும் குழப்பமே இல்லை. அதன் தலைமாட்டில், சாலையைப் பார்த்தபடி, ஒரு சுமைதாங்கி நின்றது.

சிவனம்மாள் தமிழ்மதியின் மாமனார் பெருமாள்சாமிக்குப் பெரியம்மா முறை. அவருடைய அப்பாவின் முதல் மனைவி. நிறைமாதத்தில் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டிலிருந்து வந்தவளுக்கு வழியில் வலி கண்டுவிட்டது. கட்டை இறக்கிவிட ஓர் ஆள் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, கட்டோடு அப்படியே விழுந்தாள். பிள்ளையும் வெளியே வரவில்லை. வயிற்றுச் சுமையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி நடுவது வழக்கம். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் அதில் சுமையை இறக்கி வைத்து மூச்சு விடலாம். அவர்கள் சுமை இறங்க இறங்க அவளுடையதும் இறங்கும் என்று நம்பினார்கள்.

"அந்தம்மா எறக்காமப் போனதுனாலதான் எங்கப்பா எங்காத்தாவக் கெட்டுனாரு. நானு, உன் புருசன், உன் வயித்துல கெடக்குறது, எல்லாமே அதுக்குப் பொறகு வந்ததுதான்" என்று மாமனார் ஒருமுறை அவளிடம் சொல்லியிருக்கிறார்.

குழியைத் தோண்டியபோது எலும்போடு பச்சைக் கண்ணாடி வளையல்களும் வந்தனவாம், ஒன்றுகூட உடையாமல். அதைச் சொல்ல வந்த பாண்டியராஜை அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் கை நிறைய வளைகாப்பு வளையல்.

கல்லையும் குளக்கரையில் நட்டுவிட வேண்டும் என்றுதான் மாமனார் சொன்னார். நிறுத்திய கல் இரண்டும் இயந்திரத்தில் அடிபட்டு உடைந்துவிட்டன. பலகைக்கல் மட்டும் மிச்சம். "இந்தக் காலத்துல யாருப்பா தலைச்சுமையா வாரா?" என்றான் பாண்டியராஜ். டைல்ஸ் போட்டதில் வீட்டுத் தரை உயர்ந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டியிருந்தது. ஒரு படி வேண்டும் என்று தமிழ்மதியும் நச்சரித்துக்கொண்டிருந்தாள். கல் அளவெடுத்தது போலப் பொருந்தியது. இன்னொரு கல் வெட்டி நட்டுக்கொள்ளலாம் என்று மாமனாரும் விட்டுவிட்டார்.

முதலில் அவளுக்கு அந்தக் கல் பிடித்திருந்தது. வெயில் தாழ்ந்ததும் அதில் உட்கார்ந்தால் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் உட்கார்ந்த மாத்திரத்தில் வயிற்றில் பிள்ளை அசைவதை நிறுத்திவிடும். எழுந்து உள்ளே போன பிறகுதான் மெல்ல ஒரு உதை வரும். தற்செயல் என்று நினைத்தாள். அப்புறம் உட்காருவதையே விட்டுவிட்டாள். கலியாணமாகி ஏழு வருடம். இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கியிருப்பது. இது மட்டும் போதும், வேறு ஒன்றுமே வேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் விளக்கு ஏற்றும்போது வேண்டிக்கொள்கிறவள் அவள். திண்டுக்கல்லுக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒரே பிள்ளை, நல்லபடியாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சிரித்தார்.

சும்மாடு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பிறகு விளக்கு வைக்கும் நேரத்தில் சத்தமும் வந்தது. தொலைவிலிருந்து, ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்து, பாரத்தோடு நடக்கிறவர்களின் நடை. வாசலுக்கு வந்ததும் நடை நின்று, மூச்சு மட்டும் கேட்கும். வாய் திறந்து, பல்லைக் கடித்து, விட்டு விட்டு வாங்கும் மூச்சு. அப்புறம் வளையல் குலுங்கும். தன்னுடையதுதானோ என்று தமிழ்மதி இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கவனித்தாள். தன் கை அசையவில்லை. வளையல் சத்தம் மட்டும் வாசலில் நிதானமாகக் கேட்டது.

பொறுக்க முடியாமல் மறுநாள் மத்தியானம் சும்மாட்டைக் குச்சியால் எடுத்துக்கொண்டுபோய் மாமனாரிடம் காட்டினாள். அதைப் பார்த்ததும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மகனைக் கூப்பிட்டார்.

"கல்ல எடுக்கணும்டா. இன்னைக்கே."

பாண்டியராஜ் சிரிக்கப் போனான். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு டிராக்டருக்கும், அடியில் நிறுத்த இரண்டு கல்லுக்கும் போன் போட்டான்.

கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டியபோது, அடியில் மண் சேறாகக் குழைந்து கிடந்தது. வரும்போது நாலு ஆள் தூக்கிய கல், போகும்போது எட்டுப் பேருக்கும் அடங்காமல் கனத்தது. மாமனார் டிராக்டரில் ஏறும் முன் திரும்பி வந்தார்.

"நட்டு முடிச்சுட்டுப் போன் பண்றோம் ஆத்தா. அதுவரைக்கும் வாசப்பக்கம் வராத."

"தனியாவா இருக்கச் சொல்றீங்க மாமா?"

வேலியோரம் நின்ற பொன்னழகு பதில் சொன்னாள். "நான் வாரேன் மதி. மாட்டுக்கு ஒரு கட்டு புல்லு மட்டும் அறுத்துட்டு வந்துர்றேன். வண்டி வேற கெளம்ப மாட்டேங்குது, நடந்துதான் போகணும்."

டிராக்டர் போனதும் வீடு லேசானது போல இருந்தது. பிள்ளை கூட ஓர் உதை உதைத்தது. தமிழ்மதி சிரித்துக்கொண்டே வயிற்றைத் தடவிக் கொடுத்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் எரியோட்டுப் பக்கமிருந்து மழை வந்தது. முதலில் மண் வாசனை, பிறகு வாசல் தகரக் கூரையில் சடசடவென்று பெருந்தூறல், பிறகு தெருவே தெரியாத அளவுக்குக் கொட்டியது. கரண்ட் போயிற்று. கதவைச் சாத்திவிட்டு, கைபேசி வெளிச்சத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் அவள் நிழல் தலையும் வயிறுமாக இரண்டு உருண்டையாகத் தெரிந்தது. போன் அடித்தது. பாண்டியராஜ்.

"கொளத்துக்கரையில டயர் பொதஞ்சுருச்சு மதி. கல்லு இன்னும் டிரெயிலர்லதான் கெடக்கு. மழ விட்டதும் நட்டுர்றோம். பொன்னழகக்கா வந்துருச்சா?"

"இன்னும் வரல."

"வந்துரும். பயப்படாத."

அவள் போனை வைத்துவிட்டு யோசித்தாள். அப்படியென்றால் கல் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அந்த நினைப்பு ஏன் வந்தது என்று தெரியவில்லை. வந்ததும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மழையின் ஊடே நடை கேட்டது. ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து. இந்த முறை வாசலில் நிற்கவில்லை. கூரைக்கு அடியில், கதவுக்கு நேராக வந்து நின்றது. ஈரப்புல் வாசனை கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் நிறைந்தது.

"ஏத்தா... செத்த ஒரு கை குடு."

பொன்னழகக்கா நனைந்துகொண்டு வந்து நிற்கிறாள். வண்டி இல்லாமல், தலையில் கட்டோடு, பாவம். தனக்குத் துணைக்கு வருகிறேன் என்று சொன்னதால்தானே வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கிறாள் என்று தமிழ்மதிக்கு மனது இளகியது. கட்டிலை ஊன்றி எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

வாசலை அடைத்தபடி புல்லுக்கட்டு நின்றது. புல் நாலா பக்கமும் சரிந்து தொங்கியதில் முகம் தெரியவில்லை. கழுத்து மட்டும் தெரிந்தது, நரம்பு புடைத்து. சுமையோடு வந்தவர்களிடம் யார் என்று கேட்டுவிட்டு அந்த ஊரில் யாரும் கை கொடுப்பதில்லை. முதலில் இறக்கிவிடுவார்கள், பேச்சு அப்புறம். தமிழ்மதியின் கைகளும் அப்படித்தான், அவள் நினைப்பதற்கு முன்பே மேலே போய்க் கட்டைப் பிடித்தன.

"மெதுவாக்கா."

கட்டு அசைந்தது. புல் சில்லென்று இருந்தது. கிணற்றின் அடியிலிருந்து எடுத்தது போன்ற குளிர்ச்சி விரல்களில் ஏறி, முழங்கையில் ஏறி, தோளில் ஏறி...

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பொன்னழகின் குரல் வந்தது. "மதி, மழைல போகவே முடியல. வீட்டுலதான் இருக்கேன். விட்டதும் வாரேன்."

தமிழ்மதி கையை விடப் பார்த்தாள். முடியவில்லை.

கட்டு இறங்கியது. அவள் கைகளின் வழியாக. நெஞ்சின் வழியாக. தரையில் எதுவும் விழவில்லை.

எதிரே நின்றவள் கழுத்தை நிமிர்த்தினாள். எலும்பு ஒவ்வொன்றாக நெட்டி முறிந்தது. பச்சை வளையல் போட்ட கை. அது தன் வயிற்றைத் தடவிப் பார்த்தது. ஒட்டிப்போன வயிறு. பிறகு ஒரு பெருமூச்சு, அத்தனை வருடத்து மூச்சும் சேர்ந்து ஒரேயடியாக வெளியே வந்தது போல. திரும்பி நடந்தாள். ஒரு காலை இழுக்கவில்லை. மழைக்குள் லேசாக, வேகமாக, சிறு பெண் நடப்பது போல நடந்து போனாள்.

தமிழ்மதி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார வேண்டும் போல இருந்தது, உட்கார முடியவில்லை. வயிறு கீழே இறங்கிக் கனத்தது. கையை வைத்தாள்.

இடது பக்கம் பிள்ளை உதைத்தது. பழகிய உதை. பதறிய உதை.

வலது பக்கத்தில் இன்னொன்று புரண்டது.

மெதுவாக. தூங்கி எழுந்தது போல. தோலுக்கு மேலே கூட ஜில்லென்று தெரிந்தது. அது புரண்டு இடது பக்கமாக நகர நகர, பிள்ளையின் உதை ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது.

கத்தினாள். குரல் வரவில்லை. மூச்சுதான் வந்தது, வாய் திறந்து, பல்லைக் கடித்து, விட்டு விட்டு.

மழை விட்டது. எவ்வளவு நேரம் கழித்தென்று தெரியாமல் டிராக்டர் வெளிச்சம் தெருவில் திரும்பியது. சேறும் சகதியுமாகப் பாண்டியராஜ் குதித்து இறங்கினான். "நட்டாச்சு மதி. மழயோட மழயா நின்னு நட்டுட்டோம். போன் எடுக்க மாட்டேங்குற?"

பின்னாலேயே மாமனார் இறங்கினார். நாலு எட்டு வைத்தவர் நடுவாசலில் அப்படியே நின்றுவிட்டார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றையும் பார்க்கவில்லை. அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ்மதி கையை மெல்ல உயர்த்தித் தலையைத் தொட்டாள். உச்சியில், வளையமாக, ஈரமாக, துணி தட்டுப்பட்டது. அதன் மேல் எதுவுமே இல்லை. ஆனாலும் அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"மாமா," என்றாள். "செத்த ஒரு கை குடுங்களேன்."

பெருமாள்சாமி ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தார்.