பின்பெஞ்சுக்குக் கேட்கும் குரல்

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலத்தில், ஒரு கையில் சூட்கேஸும் அக்குளில் சுருட்டி வைத்த சார்ட் தாள்களுமாக அவள் அந்தப் பழைய வீட்டின் முன்னால் வந்து நின்றாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளோடு படித்தவர்கள் இரண்டு பேர், மூன்று பேராகக் கூட்டுச் சேர்ந்துகொண்டு, பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவளை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. விரோதமெல்லாம் இல்லை. அவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதே யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் அவளுக்கு 'சைலன்ட்' என்று பெயர். மிச்சம் கிடந்த ஒரே பள்ளி, பஸ் போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்தில் இருந்தது. அது அவள் தலையில் விழுந்தது.

வீட்டுக்காரம்மா கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது அவள் செருப்பைத்தான், சேறு ஒட்டியிருக்கிறதா என்று.

"டீச்சர் டிரெயினிங் பொண்ணா?"

அவள் ஏதோ சொன்னாள்.

"காதுல விழல. வாயத் திறந்து பேசும்மா, முத்தா உதிர்ந்துடப் போகுது?"

மாடியில் ஒரே பெரிய கூடத்தைப் பலகை அடித்து இரண்டு அறையாகத் தடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கதவு. வீட்டுக்காரம்மா முட்டி வலியோடு படியேறி வந்து, முதல் கதவைத் திறந்துவிட்டு, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரில் ரசம் போன கண்ணாடி. ஈரச் சாக்பீஸ் வாசனை அடித்தது. தன் பையில் இருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டாள். அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். அக்காவுக்கு இப்போது கைக்குழந்தை வேறு.

"போய்ச் சேர்ந்துட்டியா? சாப்டியா? என்னடி சொல்ற, ஒண்ணும் கேக்கல. சரி, இவன் அழுறான், அப்புறம் பேசறேன்."

அந்த அப்புறம் வழக்கம்போல வரவில்லை.

கண்ணாடி முன்னால் நின்று பாடத்தை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள். நாலாம் வகுப்பு, அறிவியல். ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைக்க வேண்டும், ஈரம் காயும்வரை பிள்ளைகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும், பிறகு கேட்க வேண்டும்: இந்தத் தண்ணி எங்க போச்சு? அழகான பாடம். கல்லூரியில் எல்லோரும் அதை மெச்சினார்கள், எழுத்தில் பார்த்தபோது. எடுத்துக் காட்டச் சொன்னபோதுதான் விரிவுரையாளர் மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"உங்க குரல் மூணாவது பெஞ்சத் தாண்ட மாட்டேங்குதும்மா. முதல் நாளே நான் வந்து பின்னாடி உக்காருவேன். அன்னிக்கும் இப்படித்தான்னா என்னால பாஸ் போட முடியாது. போன வருஷமும் இதே காரணம்தான்."

இரண்டாவது தடவையும் தவறினால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு அக்கா வீட்டுக்குத்தான் போக வேண்டும். மாமா ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்குத் தாங்காது.

"இந்தத் தண்ணி எங்க போச்சு?" என்றாள் கண்ணாடியிடம்.

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"கேக்கல."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்து அறையில் ஆள் இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. இத்தனை நேரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருப்பார்களே. பிறகு, ஏனோ, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"இன்னும் கேக்கல."

பெண் குரல். வறண்ட, பல நாள் யாரோடும் பேசாத குரல். அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்க ஆசைப்படுகிற ஒருத்தியின் குரலாக இருந்தது.

அவள் திரும்பச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு தடவையாவது "கேட்டுது" என்று வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆனால் அன்று படுக்கும்போது, நெடுநாளைக்குப் பிறகு, அவள் மனசு லேசாக இருந்தது. தன்னைப் போலவே இந்தப் பள்ளிக்கூடம் தலையில் விழுந்த இன்னொரு பயிற்சி டீச்சர் போல. வேறு ஏதாவது கல்லூரியாக இருக்கும். அவளும் கூச்ச சுபாவம்தான் போல, வெளியில் தலை காட்டுவதில்லை.

அடுத்தடுத்த நாட்கள் அதுவே பழக்கமாயிற்று. பகலெல்லாம் உட்கார்ந்து சார்ட்டில் மேகமும் குளமும் வரைவாள், பிள்ளைகளுக்குக் காட்டும் சின்னச் சின்ன அட்டைகளை வெட்டுவாள், பசை காயும்வரை ஜன்னலில் நின்று வெறும் தெருவைப் பார்ப்பாள். வெயில் சாயும் நேரத்தில் பலகைப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பாடத்தை ஆரம்பிப்பாள். அவள் ஒரு வாக்கியம் சொல்வாள். அந்தப் பக்கத்துக்காரி அதையே திருப்பிச் சொல்வாள், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்று காட்டிக் கொடுப்பதுபோல. அவள் நினைத்ததைவிட நன்றாகச் சொல்வாள்.

"நீங்க எந்த கிளாஸ்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நீ எந்த கிளாஸ்?" என்றது குரல்.

"நாலாவது."

"நாலாவது."

அவள் சிரித்துவிட்டாள். அந்தப் பக்கமும் சிரிப்பு வந்தது, ஒரு நொடி கழித்து.

கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். காலையில் எழுந்தால் குரல் கரகரவென்று வந்தது, மத்தியானத்துக்கு மேல் பாதிதான் வந்தது. பலகைக்கு அந்தப் பக்கமோ நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது. வறட்சி போய்விட்டது. ஈரம் ஏறியிருந்தது. முன்பே எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசிப்பாள். பிடிபடவில்லை.

பள்ளி திறக்க ஒருநாள் இருக்கும்போது, பாடம் எடுப்பதைப் போனில் பதிவு செய்து கேட்டுப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. முழுப் பாடத்தையும் எடுத்து முடித்தாள். நாற்காலியில் சாய்ந்துகொண்டு போட்டுக் கேட்டாள்.

பதிவில் இரண்டு குரல் இருந்தது. ஒன்று தூரத்தில், உடைந்துபோய், காற்றும் இருமலுமாக. இன்னொன்று பக்கத்தில். மென்மையான, கொஞ்சம் மூக்கில் பேசுகிற, 'ர' வரும் இடத்தில் லேசாக வழுக்குகிற குரல். அக்கா சின்ன வயதிலிருந்து கேலி செய்கிற வழுக்கல்.

பக்கத்தில் கேட்டதுதான் அவளுடைய குரல்.

உடைந்த குரல்தான் இப்போது அவள் வாயிலிருந்து வருவது.

போனை அணைத்தாள். அறையில் ஈரச் சாக்பீஸ் வாசனை கனத்துக் கிடந்தது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றது பலகை. அவள் குரலில்.

அவள் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினாள். வீட்டுக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க அவளுக்கு மூச்சு போதவில்லை. சைகையில் காட்டினாள். வீட்டுக்காரம்மா முகம் சட்டென்று வாடியது. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். பூட்டு துருப்பிடித்திருந்தது. திறக்க வெகுநேரம் ஆயிற்று.

உள்ளே ஒரு இரும்புக் கட்டில். சுருட்டி வைத்த மெத்தை. தரை முழுக்க ஒரே சீராகப் படிந்த தூசி, ஒரு காலடிகூட இல்லாமல்.

பலகைத் தடுப்பில், ஒரு ஆள் நின்றால் வாய் வரும் உயரத்தில், வட்டமாக ஈரம்.

அவள் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"இங்க யார் இருந்தாங்க?" என்று உடைந்த குரலில் கேட்டாள்.

"உன்னாட்டம் ஒரு பொண்ணு. டிரெயினிங்குக்குத்தான் வந்தா. ராவும் பகலும் படிச்சுப் படிச்சுப் பாப்பா. பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா."

"எங்க போனாங்க?"

"போயிட்டான்னு சொல்றேன்ல," என்றாள் வீட்டுக்காரம்மா, அவளைப் பார்க்காமல். "அவளுக்கும் சின்னக் குரல்."

அன்று கீழே சமையலறைப் பக்கம் பாய் விரித்துக் கொடுத்தாள். விடிந்ததும் கிளம்பிப் போய்விடலாம் என்றுதான் அவள் படுத்தாள். எங்கே போவது என்று யோசித்தபோது, மாமாவின் மௌனம் கண் முன்னால் வந்து நின்றது. வேறு இடமும் இல்லை. காலையில் புடவையை மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டு, மேலே போய், கண்ணாடியைப் பார்க்காமல் சார்ட்டுகளை அள்ளிக்கொண்டாள். பயிற்சி டீச்சர்கள் போன் கொண்டுவரக் கூடாது என்று பள்ளியில் சொல்லியிருந்ததால், போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. குரல் சுத்தமாக இல்லை. காற்று மட்டும்தான் வந்தது.

வகுப்பாசிரியர் பெரிய உடம்புக்காரர், நல்ல மனுஷர். "பயப்படாதீங்க, கடிக்காதுங்க," என்று பிள்ளைகளைக் காட்டிச் சிரித்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். கடைசி பெஞ்சில் மேடம், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

அவள் ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்தாள். திரும்பி நின்றாள். இத்தனை கண்கள். வாயைத் திறந்தாள்.

காற்று.

இன்னொரு தடவை திறந்தாள். மேடம் குனிந்து ஏதோ எழுத ஆரம்பித்தார்.

அவள் இடது தோளுக்குப் பக்கத்தில் அந்த மாடி அறையின் ஈரச் சாக்பீஸ் வாசனை வந்தது.

"எல்லாரும் போர்டப் பாருங்க."

அவளுடைய குரல். அதட்டல் இல்லை, கத்தல் இல்லை. அறையின் நாலு மூலைக்கும் போய் நிறைந்தது. அவள் உதடுகள் அதற்குப் பின்னாலேயே அசைந்தன, வழி தெரியாதவள் முன்னால் போகிறவளைத் தொடர்வதுபோல.

"இங்க இருந்த தண்ணி எங்க போச்சு?"

"காஞ்சு போச்சு மிஸ்."

"காஞ்சு எங்க போச்சு?"

"காத்துல."

"அப்ப அது இல்லாமப் போயிடுச்சா?"

"இல்ல மிஸ். இங்கதான் இருக்கு. நமக்குத்தான் தெரியல."

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு சிரித்தது, கை தூக்கியது, எழுந்து எழுந்து பதில் சொன்னது. அவள் படம் காட்டினாள், சாக்பீஸைப் பிடித்தாள், அவ்வளவுதான். முன் பெஞ்சில் இருந்த ஒரு சின்னப் பெண் மட்டும் அவள் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் முடிகிற சமயத்தில் அந்தச் சின்னப் பெண் அவள் முந்தானையை மெல்ல இழுத்தாள்.

"மிஸ், நீங்க எப்ப பாடம் எடுப்பீங்க?"

வராந்தாவில் மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாளா இந்தக் குரல எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க? பாஸ் மட்டும் இல்ல, மத்தவங்கள உங்க கிளாஸப் பாக்க அனுப்பப் போறேன்."

அது நான் இல்லை மேடம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ரொம்ப நன்றி மேடம்," என்றது அவள் குரல், முதுகுக்குப் பின்னாலிருந்து.

சாயங்காலம் அந்த வீட்டுக்குத் திரும்பியபோது அவள் மேலே போகவில்லை. அக்காவிடம் சொல்லிவிட வேண்டும், எப்படியாவது, மூச்சாலாவது. வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரம்மாவிடம் போனைச் சைகையால் கேட்டாள்.

வீட்டுக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எப்ப கீழ வந்த? இவ்வளவு நேரம் மேலதானே பேசிக்கிட்டிருந்த?"

அவள் போனை வாங்கி எண்களை அழுத்தினாள். முதலில் பிஸி என்று வந்தது. மறுபடியும் பிஸி. மூன்றாவது முறை மணி அடித்தது.

"ஹலோ, யாருங்க?"

"அக்கா," என்றாள். அதற்குள் தொண்டை கிழிந்துவிடும்போல இருந்தது.

"யாரு? ஒண்ணும் புரியலீங்க. என் தங்கச்சி இன்னொரு லைன்ல இருக்கா. அவ இன்னிக்குத்தான் வாய் திறந்து ஆசையாப் பேசறா, அப்புறம் கூப்பிடுங்க."

லைன் போய்விட்டது.

அவள் படியேறினாள். தன் அறைக் கதவு பூட்டியபடியே இருந்தது. பக்கத்துக் கதவிலும் துருப்பிடித்த பூட்டு தொங்கியது. அதன் பின்னால் அவள் குரல், சிரித்துச் சிரித்து, அக்காவிடம் நாளெல்லாம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் என்ன சொன்னார்கள், மேடம் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல். அவள் வாழ்நாளில் அக்காவிடம் அவ்வளவு பேசியதே இல்லை.

இரண்டு கையாலும் அந்தக் கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

உள்ளே பேச்சு நின்றது. அது என்ன சத்தம் என்று அக்கா கேட்டிருக்க வேண்டும்.

"பக்கத்து ரூம்லயா?" என்றது குரல், நிதானமாக. "யாரும் இல்லக்கா. நான் மட்டும்தான்."