கன்னிமார் மாப்பிள்ளை

குருவிநத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வினோதினியின் கையில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. உள்ளே கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. உச்சி வெயில். ஆற்றங்கரை மோட்டார் கொட்டகை வரைக்கும் ஒரு ஈ காக்கை இல்லை.

கொட்டகையில் கிடந்தவன் கதிரவன். ஆவணியில் அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன். ஆடியில் இந்த ஊர்ப் பெண்கள் ஆற்று மடுவோரக் கன்னிமார் ஏழு பேருக்கும் உப்பில்லாமல் பொங்கி ஏழு இலையில் படைப்பார்கள். அதை ஆம்பளை வாயில் வைக்கக் கூடாது. மோட்டாரைக் கழற்றி மாட்டிய பசியில், யார் பார்க்கப் போகிறார்கள் என்று, நம்ம ஐயா ஏழு இலையையும் வழித்துத் தின்றுவிட்டார். அன்றிலிருந்து மடுவை விட்டு நகரவில்லை. உப்புப் பட்ட எதையும் தொடவில்லை.

அவன் அம்மா கலியம்மாள்தான் வழி சொன்னாள். ஏமாற்றியாவது உப்புச் சோறு ஊட்ட வேண்டும். ஊட்டியதும் அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வேர்த்தால் பிள்ளை திரும்பிவிடுவான். பெற்றவள் பிடித்தால் செல்லாதாம்.

"கட்டிக்கப் போறவதான் புடிக்கணும். இன்னா வந்தாலும் வுட்டுடாதம்மா. வுட்டா அப்புறம் அவன் அவளுங்களுக்குத்தான்."

கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. குட்டையில் மாதக்கணக்கில் ஊறிய சாக்கின் நாற்றம். கதிரவன் சிரித்தான். பல் இடுக்கெல்லாம் பாசி. கழுத்துத் தோல் வெளுத்து ஊறிச் சுருங்கியிருந்தது. இரண்டு வருஷம் ஆசையாய் முகம் புதைத்த கழுத்து அது. இப்போது பார்க்கவே குமட்டியது.

"வந்துட்டியா வினோ?"

குரல் மட்டும் மாறவே இல்லை. அதுதான் கொடுமை.

சோற்றை உருட்டி நீட்டினாள். உப்பு இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள். அவள் சொன்னதால் நம்பி வாயைத் திறந்தான்.

மூன்றாவது கவளத்தில் அவன் கண் நிலைகுத்தியது.

அவள் பாய்ந்து கட்டிக்கொண்டாள்.

உடம்பு கொழகொழத்தது. முதுகுத் தோலுக்கு அடியில் என்னென்னவோ நெளிந்தன. அவன் ஓங்கரித்தான். தவளை முட்டை, கறுப்புச் சேறு, அதோடு கொத்தாய் அட்டைகள், எல்லாம் அவள் தோளில் விழுந்தன. ஒன்று கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது.

வெளியே மடுவில் பெண்கள் சிரித்துக் குளிக்கும் சத்தம். கொட்டகைக்கு வரும்போது அங்கே ஒருத்தியும் இல்லை.

"மாப்ளே... வெளிய வா, மாப்ளே..."

ஒரு குரல் இல்லை. ஏழு.

வினோதினி பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். எவ்வளவு நேரமோ. பிறகு அவள் கன்னத்தில் ஒரு துளி சூடாக உருண்டது. வேர்வை. அவன் நெற்றி வேர்த்தது, கழுத்து வேர்த்தது, மார்பு வேர்த்தது. மோட்டார் ஆயிலும் வேர்வையும் கலந்த அவனுடைய பழைய வாசம் வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

"நான்தான்டி வினோ," என்றான். சந்தோஷம் தாங்காமல் அவள் முகத்தைத் திருப்பி முத்தம் கொடுத்தான்.

அவன் வாயில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

சின்னதுதான். வழவழவென்று அவள் நாக்கின்மேல் நகர்ந்தது.

அவள் மனசு விடவில்லை. கைதான் விட்டது. குமட்டிக்கொண்டு அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

பாதம் மட்டும் வேர்த்திருக்கவில்லை.

அவன் கோபப்படவில்லை. "அவ்ளோ அருவருப்பாவா இருக்கேன்?" என்று மட்டும் கேட்டான். முகம் மறுபடி வெளுத்தது. அவள் எட்டிப் பிடிப்பதற்குள் வெளியே நடந்து, படி இறங்குவது போல மடுவில் இறங்கிவிட்டான். தண்ணீர் ஒரு சுழிகூடப் போடாமல் மூடிக்கொண்டது. சிரிப்புச் சத்தமும் நின்றது.

குழாயடியில் பத்து தடவை வாய் கொப்பளித்தாள். தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அழுதுகொண்டே பாகூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

வலது கை ஈரமாக இருந்தது. முந்தானையில் துடைத்தாள். மறுபடி ஈரம். மறுபடி துடைத்தாள்.

கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினார். வாங்குவதற்கு அந்தக் கையை மடக்கப் பார்த்தாள்.

மடங்கவில்லை.

விரல் இடுக்குகளில் வேறு விரல்கள் கோத்திருந்தன. சில்லென்று, ஊறிச் சுருங்கிய விரல்கள். அவை அவள் கையைச் செல்லமாக ஒருமுறை அழுத்தின.