கீர்த்தியின் சிவப்புக் கேக்

பிள்ளையார்பாளையம் சமுதாயக் கூடத்தில் பொங்கல் கண்காட்சி. ஒரு மேசையில் வீட்டில் விளைந்த பூசணியும் புடலங்காயும். அடுத்த மேசையில் போட்டிக்கு வந்த கேக்குகள். அதில் கீர்த்தியின் பீட்ரூட் கேக்கும் இருந்தது. குக்கரில் மணல் பரப்பி, அவளே செய்தது. முதல் இரண்டு தடவை கருகிப்போனது.

"செம சிவப்பு!" என்றான் அவள் வகுப்பு விக்ரம்.

"பீட்ரூட்" என்றாள் கீர்த்தி. இவ்வளவு சிவக்கும் என்று அவளே நினைக்கவில்லை.

"நானும் போட்டேன்!" என்றான் தம்பி உமாபதி. அவனுக்கு ஐந்து வயது. "நீ அந்தாண்ட போனியே, அப்ப ரெண்டு கரண்டி சிவப்புப் பொடி போட்டேன்."

கீர்த்தி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். அப்பா நெசவாளர். பட்டு நூலுக்குப் போடும் சிவப்புச் சாயப் பொடி வீட்டில் உண்டு. அதை யாராவது தின்றால்?

"எந்தப் பொடிடா?"

"சிவப்புப் பொடிக்கா."

அதற்குள் நடுவர் லில்லி மிஸ் ஒரு துண்டை வாயருகே கொண்டுபோய்விட்டார்.

"மிஸ், சாப்பிடாதீங்க!"

கூடமே திரும்பிப் பார்த்தது.

"அதுல சாயப் பொடி கலந்திருக்கலாம் மிஸ். என் கேக்கு போட்டியில வேணாம்."

"பேசாம ஒரு பட்டுப் புடவையே கொண்ணாந்து வெச்சிருக்கலாம்பா!" என்று விக்ரம் சிரித்தான்.

கீர்த்தி தட்டை எடுத்து மேசைக்கடியில் வைத்தாள்.

லில்லி மிஸ் துண்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் போனை நீட்டினார். "அப்பாவ கேளும்மா."

"அப்பா, சாயப் பொடி எங்க இருக்குது?"

"பெட்டியில பூட்டி இருக்குதும்மா. சாவி என் இடுப்புல. ஏம்மா?"

"ஒண்ணும் இல்லப்பா!" கீர்த்தி தம்பியிடம் திரும்பினாள். "எந்த டப்பாவுல எடுத்த?"

"அடுப்பாண்ட இருக்குதே, நீல மூடி."

"டேய்! அது மிளகாத்தூள்டா!"

கீர்த்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் பெருமூச்சு வந்தது. பிறகு சிரிப்பு. அடக்கவே முடியவில்லை.

"சாயம் இல்லல்ல? அப்ப எனக்கு ஒரு துண்டு குடு" என்றான் விக்ரம்.

"காரம்பா."

"காரமா? எனக்கா?"

பாதித் துண்டு உள்ளே போனதும் அவன் காது சிவந்தது. குழாயை நோக்கி ஓடினான்.

முதல் பரிசு திரிஷாவின் தேங்காய்க் கேக்குக்குப் போனது. கீர்த்தி கை வலிக்கத் தட்டினாள்.

கிளம்பும்போது விக்ரம் மூக்கைத் துடைத்தபடி வந்தான்.

"கீர்த்தி, அந்தக் காரக் கேக்கு இன்னும் இருக்குதா?"