அவர் உட்கார்ந்து பழகிய தோல்

புத்தக பைண்டர் மூன்றாவது மாடிக்கு ஏறிப் போனபோது அந்த வீட்டு அம்மாள் கதவைத் திறந்தே வைத்திருந்தார். பால்கனிச் சுவரில் சாய்ந்து நின்றது அவன் வாங்க வந்த சைக்கிள், ரோடு பைக். வளைந்த ஹேண்டில், விரல் தடிமன் டயர், ஒரு கையால் தூக்கிவிடலாம். எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோன அவர் கணவருடையது.

இன்னும் இரண்டு வாரத்தில் மைத்துனனோடு ஆறு நாள் சைக்கிள் பயணம் கிளம்ப வேண்டும். போன தடவை தன் இரும்பு சைக்கிளை மிதித்து, இரண்டாம் நாளே முழங்கால் விட்டுப்போய், காய்கறி லாரியில் வீடு திரும்பியவன் பைண்டர். அன்றிலிருந்து மைத்துனன் அவனை விடவில்லை. “லாரியில வர்றதுக்கு எதுக்கு மாமா சைக்கிளு?” என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டான். இந்தத் தடவையும் பாதியில் திரும்பினால் வீட்டில் தலை காட்ட முடியாது.

“சீட்ட மட்டும் கழட்டித் தூரப் போட்டுடுங்க தம்பி,” என்றார் அந்த அம்மாள். “அவரு வேர்வை பூரா அதுலதான் ஊறிக் கிடக்கு.”

தலையாட்டினான். கழற்றவில்லை.

புத்தகங்களுக்குத் தோலட்டை போடுகிறவன் அவன். புதுத் தோல் சீட் ஓர் உடம்புக்கு இளகிக் கொடுக்க மாதக்கணக்காகும் என்று தெரியும். இதுவோ ஏற்கெனவே இளகியிருந்தது. கறுத்து, எண்ணெய் பூத்து, நடுவில் இரண்டு குழி. இடது குழி ஆழம்; அவர் அந்தப் பக்கமாகவே சாய்ந்து மிதித்திருக்க வேண்டும். மோந்து பார்த்தான். துவைக்காத காலுறையை ஈரத்தோடு மூடி வைத்த வாடை. சோப்பு போட்டால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டான்.

பயணத்துக்கான பயிற்சியில் முதல் மூன்று நாள் தொடையிடுக்கில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, சீழ் உள்ளாடையில் ஒட்டியது. நான்காம் நாள் வலி சுத்தமாக நின்றது. எழுபது கிலோமீட்டர் அசராமல் போனான். பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த மைத்துனனுக்குக் கிண்டல் செய்யத் தெம்பில்லை.

ஆனால் காலையில் சீட் நனைந்திருந்தது.

துடைத்து வெயிலில் வைத்தாலும் மாலையில் பிசுபிசுத்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

குளித்துவிட்டு வந்தவனிடமிருந்து மனைவி மெல்ல விலகினாள்.

“யாரோட சட்டைங்க அது?”

அவனுடையதுதான்.

பேன்ட்டின் இடது கால் தரையில் இழுபட ஆரம்பித்தது. பயணத்துக்கு முந்தின நாள், சீட் உயரத்தைச் சரிசெய்ய உடம்பளவு எடுத்த சைக்கிள் மெக்கானிக், டேப்பை இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, இடது கால் ஒரு விரற்கடை குட்டை, பிறந்ததிலிருந்தே இப்படியா என்று விசாரித்தார்.

அங்கேயே சீட்டைக் கழற்றிக் கத்தியால் கிழித்தான். பதப்படுத்திய தோல் உள்ளே காய்ந்த அட்டைபோல் இருக்கும். இது மஞ்சள் கொழுப்போடு விரிந்தது. ஓரம் முழுக்க மயிர்க்கால்கள். சில மயிர்கள் அப்போதுதான் முளைத்திருந்தன.

மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

கிழிசலைப் பையில் கட்டி, அந்த அம்மாள் காலடியிலேயே கொட்டி, எனக்கு என்ன கொடுத்து அனுப்பினீர்கள் என்று கேட்கப் புறப்பட்டான். மாடிப்படியில் விந்தி விந்தி ஏறினான். கதவு திறந்திருந்தது. அவர் அடுப்பருகில் முதுகு காட்டி நின்றிருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

“வந்துட்டீங்களா? துண்டு பாத்ரூம்ல இருக்கு.”

திட்ட வாயெடுத்தான். அதற்குள் கால்கள் இடப்பக்கம் திரும்பிவிட்டன. அந்த வீட்டில் குளியலறை எங்கே என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆணியில் துண்டு தொங்கியது. ஈரமாக. அதே வாடை.

முகத்தைப் புதைத்து அழுத்தித் துடைத்தான்.

குமட்டவில்லை.