இரண்டாவது விரல்

அன்று சாயங்காலம் வாலு வீட்டுக்குள் இரண்டு முறை வந்தாள். நடுவில் ஒரு தடவைகூட வெளியே போகவில்லை.

அம்மாவுக்கு இது உடனே உறைக்கவில்லை. பல்செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் பிரித்தெடுத்து, முகம் தெரியாத யார் யாருடைய கடைவாய்ப் பற்களையோ சக்கரத்தில் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேலங்கிப் பையில் போன் சிணுங்கியது. 'வாலு 1 உள்ளே வந்துள்ளார்.' எட்டு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஒரே ஜீவன் அந்த வீட்டுக் கதவுதான். அவள் சிரித்துக்கொண்டே வேலையைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சிணுங்கியது. 'வாலு 2 உள்ளே வந்துள்ளார்.'

கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, வெளிய சுத்திட்டு வர்றியா?"

"நான் எங்கயும் போகலயேம்மா. வந்ததுல இருந்து சோபாலதான் உக்காந்திருக்கேன்."

"பொய் சொல்லாத."

"சத்தியமா. கதவு பாடுச்சு, நீதான் வந்துட்டியோன்னு எட்டிப் பாத்தேன். யாரும் இல்ல."

யாரும் இல்லை என்றால் நல்லதுதானே என்று அப்போதைக்கு விட்டுவிட்டாள்.

அந்தப் பூட்டே வாலுவுக்காக வாங்கியதுதான். அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார், மாதக்கணக்கில் கடல்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை தனியாக வந்து கதவைத் திறந்து உள்ளே இருக்க வேண்டும். சாவி கொடுத்தால் தொலைத்துவிட்டு வந்து நிற்பாள். "பச்சப் புள்ளைய தனியா விட்டுட்டு அப்படி என்ன வேலை உனக்கு?" என்று நாத்தனார் போனில் பிடித்துக்கொண்டால் லேசில் விடமாட்டாள். அதற்குப் பதிலாகத்தான் அம்மா இந்தப் பூட்டை வாங்கி மாட்டினாள். விரல் வைத்தால் திறக்கும். திறக்கும்போது சின்னதாக ஒரு பாட்டுப் பாடும். யார் வந்தார்கள் என்று பெயரோடு இரண்டு போனுக்கும் சொல்லும்: ஒன்று அவளுடையது, மற்றொன்று வாலுவிடம் கொடுத்திருந்த பழைய போன்.

மாட்ட வந்த பூட்டுக்காரர் வாயாடி. "எமனே வந்தாலும் நீங்க சேர்க்காம உள்ள வர முடியாதும்மா," என்று கதவைத் தட்டிக் காட்டினார். வாலுவின் கட்டை விரலை அவரே சேர்த்துக் கொடுத்தார். "சின்னப் புள்ளைங்க ரேகை மெல்லிசு. சமயத்துல எடுக்காது. இன்னொரு விரலையும் நீங்களே சேர்த்து வச்சிருங்க. ஒண்ணு காலை வாரினாலும் இன்னொண்ணு கைகொடுக்கும்." அவர் போன பிறகு, அன்று சாயங்காலமே, அம்மா அதையும் சேர்த்துவிட்டாள். கட்டை விரல் வாலு 1. ஆள்காட்டி விரல் வாலு 2.

அவளுடைய விரல்தான் தகராறு. வருஷக்கணக்காக மாவிலும் சக்கரத்திலும் தேய்ந்து ரேகையே மழுங்கிப் போயிருந்தது. போன் இரண்டு முறை சிணுங்கிய அன்றும், வேலை முடிந்து வந்து வீட்டு வாசலில் நின்று விரலை ஊதி, புடவையில் துடைத்து, அழுத்தி, திருப்பி அழுத்தி, சிவப்பு விளக்கிடம் திட்டு வாங்குகிற மாதிரி நின்ற பிறகுதான் கதவு மனம் இரங்கியது. மாடி நடையின் விளக்கு எரிந்து பல நாளாகிறது. எதிர் வீட்டில் ஆளில்லை. போன் வெளிச்சத்தில் கதவு ஈரமாகத் தெரிந்தது. கைப்பிடியில் இல்லை, அதற்கும் கீழே, ஒரு குழந்தையின் உயரத்தில். தொட்டு முகர்ந்து பார்த்தாள். பூச்சாடியில் பல நாள் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை.

பூட்டுக்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் உங்க புள்ளைதானேம்மா? அப்புறம் எதுக்குப் பயப்படறீங்க?" என்றார் அவர். "ஒரு விரலைப் பாதி எடுத்திருக்கும், அதை லேட்டா சொல்லியிருக்கும். வேணும்னா ரெண்டாவதை அழிச்சிருங்க. போன்லயே அழிக்கலாம்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அழித்துவிட்டு, நாளைக்குப் பூட்டு கட்டை விரலை எடுக்காமல் போய், பிள்ளை அந்த இருட்டு நடையில் நின்று அழுதால்? அழிக்க மனம் வரவில்லை. கால் கடுத்தது, சோபாவில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

காலையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது வாலு கேட்டாள்.

"ஏம்மா நேத்து உன் கை அவ்ளோ ஜில்லுனு இருந்துச்சு?"

"எப்போ?"

"தூங்கும்போது. என் பக்கத்துல வந்து படுத்து கையைப் பிடிச்சுக்கிட்டியே."

பின்னல் கையில் அப்படியே நின்றது. அவள் சோபாவை விட்டு எழுந்ததே விடிந்த பிறகுதான்.

"கனவு கண்டிருப்ப," என்றாள். அவள் குரலை அவளே நம்பவில்லை.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறி உட்கார்ந்தபோது போன் சிணுங்கியது. 'கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டது.' உள்ளேயிருந்து திறப்பதற்கு விரல் வேண்டாம், பெயரும் வராது. கைப்பிடியை அமுக்கினால் போதும். வீட்டில் யாருமில்லை. இருந்த இரண்டு பேரும் இறங்கி வந்துவிட்டார்கள். காற்றாக இருக்கும், என்றது மனசு. காற்று எங்கேயாவது கைப்பிடியை அமுக்குமா, என்றது அதே மனசு. செயலியைத் திறந்து பார்த்தாள். கதவு மூடியிருந்தது. யாரோ வெளியே போய், மரியாதையாகச் சாத்திவிட்டும் போயிருந்தார்கள்.

அன்று முழுக்க வேலையில் கை ஓடவில்லை. ஒரு பல்லைத் தேய்த்துத் தேய்த்து அதன் உருவத்தையே கெடுத்துவிட்டாள். மதியத்துக்கு மேல் மேகம் கவிழ்ந்து, மழை பிடித்துக்கொண்டது. கூடத்தின் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் சக்கரத்தின் இரைச்சல்கூட அமுங்கிப்போனது. 'வாலு 1 உள்ளே வந்துள்ளார்.' பார்த்த கணமே மகளைக் கூப்பிட்டாள்.

"நனைஞ்சிட்டியாடா?"

"கொஞ்சூண்டு."

"எந்த விரலை வச்சு திறந்தே?"

"கட்டை விரல்தான். எப்பவும் அதுதானே."

"ஆள்காட்டி விரல் வச்சுப் பாத்ததே இல்லையா?"

"அதைத்தான் சேர்க்கவே இல்லையேம்மா."

"நான் சேர்த்தேனே. அன்னிக்கு சாயங்காலம், வாசல்ல வச்சு."

"எனக்குச் சேர்க்கல. நீ வான்னு கூப்பிட்டப்ப நான் பாத்ரூம்ல பெயின்ட் கழுவிட்டிருந்தேன். கழுவிட்டு வந்து பாத்தா, நீ முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டு கதவைச் சாத்திட்டே."

அம்மா சக்கரத்தை நிறுத்தினாள்.

அந்தச் சாயங்காலம் முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. நடையில் இருட்டு. ஒரு கையில் போன் வெளிச்சம், கண் பூட்டின் மேல். 'விரலை வைக்கவும்' என்று பூட்டு சொன்னது. அவள் திரும்பிப் பார்க்காமலே இன்னொரு கையைப் பின்னால் நீட்டினாள். ஒரு சின்னக் கை வந்து அதில் உட்கார்ந்தது. சில்லென்று இருந்தது, சொட்டச் சொட்ட ஈரம். "கையைத் துடைச்சுட்டு வரக் கூடாதாடி?" என்று அதட்டினாள். வாயாடி மகள் ஒரு வார்த்தை பேசாமல் நின்றதே, அப்போதாவது திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அந்தக் கையை இழுத்து, அந்த விரலைப் பிரித்து, அவளே அழுத்தினாள். 'மீண்டும் வைக்கவும்' என்றது. மீண்டும் அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. பெயர் என்ன என்று கேட்டது. அவள்தான் பெயரும் வைத்தாள்.

நீங்க சேர்க்காம உள்ள வர முடியாதும்மா.

காதிலிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

'வாலு 2 உள்ளே வந்துள்ளார்.'

"அம்மா," என்றது மகளின் குரல், "நீ வந்துட்டியா? கதவு பாடுது."

"பாத்ரூமுக்குள்ள போ. இப்பவே. தாழ்ப்பாள் போட்டுக்கோ."

"ஏம்மா?"

"சொன்னதைச் செய்டி! யார் தட்டினாலும் திறக்காத. என் குரல் கேட்டாலும் திறக்காத. போனைப் பாத்துட்டே இரு. அம்மா உள்ளே வந்துள்ளார்னு வரும். அப்படி வந்தாத்தான் திறக்கணும். புரியுதா?"

"ம்." குரல் சின்னதாகிவிட்டது. ஓடும் காலடி. தாழ்ப்பாள் விழும் சத்தம். "போட்டுட்டேன்."

"இனிமே பேசாத. சத்தமே வரக் கூடாது. அம்மா வந்துட்டே இருக்கேன்."

மாவு அப்பிய மேலங்கியோடு தெருவுக்கு ஓடினாள். ஆட்டோவில் ஏறியதும் கட்டடத்துக் காவல்காரருக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. போலீசுக்குப் போட்டாள், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். என்ன ஆள் புகுந்திருக்கிறான் என்று கேட்டார்கள். அவளால் சொல்ல முடியவில்லை. எல்லாச் சிக்னலும் சிவப்பு. நானே கூப்பிட்டு உள்ளே விட்டேனே, பாவி, நானே கையைப் பிடித்து விட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மழையில் ஊர் முழுக்க அதே வாடை அடிப்பதாகத் தோன்றியது.

தெருமுனையில் போன் சிணுங்கியது. 'கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டது.'

போய்விட்டது. வெளியே போய்விட்டது. செயலியில் விரல்களின் பட்டியலைத் திறந்தாள். வாலு 2. நீக்கவா? நீக்கு. 'நீக்கப்பட்டது.' இனி அதனால் உள்ளே வர முடியாது. கதவு சாத்தியிருக்கிறது. பிள்ளை உள்ளே. அது வெளியே. ஆட்டோவில் உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதாள்.

இல்லையென்றால் வாலுதான் பயந்து வெளியே ஓடிவந்திருப்பாளோ?

அந்த நினைப்பு படியேறும்போதுதான் வந்தது. வந்ததும் விடவில்லை. சொன்ன பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறாள்? படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். மாடி நடையில் கும்மிருட்டு. மழைச் சத்தம். வாசல் கதவையொட்டி, சுவரைப் பார்த்தபடி, ஒரு பிள்ளை நின்றிருந்தது. அதே உயரம். முதுகில் நனைந்த இரட்டைப் பின்னல்.

"வாலு!"

பாய்ந்து கையைப் பற்றினாள். "வந்துட்டேன்டா. அம்மா வந்துட்டேன். வெளிய ஏன்டி வந்தே?"

கை சில்லென்று இருந்தது. மழை. மழையில் நனைந்திருப்பாள். பள்ளியிலிருந்து நனைந்துதானே வந்தாள். கொஞ்சூண்டு என்றாளே.

கொஞ்சூண்டு.

இன்னொரு கையில் போன் அடித்தது. திரை வெளிச்சத்தில் பெயர் தெரிந்தது. வாலு. விரல் தானாக எடுத்தது.

"அம்மா..." கிசுகிசுப்பு. குளியலறைச் சுவர்களில் பட்டு எதிரொலிக்கும் கிசுகிசுப்பு. "இன்னும் எவ்ளோ நேரம்மா? நான் திறக்கவே இல்ல. உன் பேரு வரட்டும்னு பாத்துட்டே இருக்கேன்."

அம்மா பிடியை விட்டாள். அந்தக் கை விடவில்லை.

இறுகியது. எலும்பு நொறுங்கும் இறுக்கம். போன் கீழே விழுந்தது. கத்த வாய் திறந்தாள், காற்றுதான் வந்தது. கை அவளை இழுத்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல். அவள் அன்று இழுத்த மாதிரியே. அவளுடைய மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. கட்டை விரலை எடுத்தது. ஈரம் போக, அவளுடைய புடவையிலேயே துடைத்தது.

பூட்டின் மேல் அழுத்தியது.

எடுக்காதே. எப்போதும் எடுக்க மாட்டாயே. ஒரு தடவையில் எடுக்க மாட்டாயே.

முதல் தடவையிலேயே எடுத்தது. பச்சை.

கதவு பாடியது. கீழே கிடந்த போனும், உள்ளே குளியலறையிலிருந்த போனும் ஒரே நேரத்தில் சிணுங்கின.

"அம்மா! வந்துட்டியா!"

குளியலறைத் தாழ்ப்பாள் விலகியது. சின்னக் காலடிகள் கூடத்துக்கு ஓடிவந்தன. அம்மாவின் கையை விடாமல், அவளுக்கு ஒரு அடி முன்னால், அது உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.