காலடிப்பேட்டை நிறுத்தத்தில் கிடந்தவன்

"என் பையன் முகத்தைக் கிட்டப் போய் ஒருத்தன் பார்த்திருக்கான். பார்த்துட்டு அப்படியே போயிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும் சார்," என்றார் சுகிர்தம்.

ராயபுரத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்திவந்த கோதண்டம் தலையசைத்தார். உதவியாளர் எழில்மொழி அவசரமாகக் குறிப்பெடுத்தாள்.

சுகிர்தத்தின் இளைய மகன் ஜெனிஷுக்கு வயது இருபத்திரண்டு. ராக் அண்ட் ரோல் கிடாரில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. சின்ன வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்பவன். கச்சேரி முடிந்து ஞாயிறு காலை திரும்பியவன், காலடிப்பேட்டை பேருந்து நிறுத்தத்தில் சர்க்கரை குறைந்து விழுந்தான். இரண்டு மணி நேரம் யாரும் தூக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

"நான் தேய்ச்சுக் குடுத்த வெள்ளைச் சட்டையோட போனான் சார். ஆஸ்பத்திரியில துணியெல்லாம் வெட்டிப் போட்டுட்டாங்க."

மூத்த மகன் தேவப்பிரியம் குனிந்தபடி சொன்னான்: "விடும்மா. நீள முடி, பளபளன்னு சிவப்புச் சட்டை. யாரும் குடிகாரன்னுதான் நினைப்பாங்க."

"நீங்க அங்க போய் விசாரிச்சீங்களா?" என்றார் கோதண்டம்.

"இல்ல சார். அவன் கூட்டாளிங்களோட எனக்குப் பேச்சே கிடையாது."

நிறுத்தத்தில் பூ விற்கும் அம்மு நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஹெல்மெட் போட்ட ஆளு சார். பைக்ல பின்னால ஒரு பெரியவரு குந்திகினு இருந்தாரு. இவரு எறங்கி வந்து மூஞ்சப் பாத்தாரு, பூட்டாரு. நானும் குடிச்சிட்டுக் கீறான்னு வுட்டுட்டேன். பேஜாரா கீது சார்."

ஜெனிஷின் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் எழிலன் சொன்னான்: "அவன் சட்டை வேர்வைல ஊறிப்போச்சு. என் சிவப்புச் சட்டைய மாட்டிகினு கெளம்பினான். இத்த எங்கிட்ட யாருமே கேக்கல சார்."

"எழிலன்கிட்ட பைக் இருக்கு சார். அவன்தான்!" என்றாள் எழில்மொழி.

"பொறும்மா."

மறுநாள் சுகிர்தத்தின் வீட்டில் கோதண்டம் தேவப்பிரியத்திடம் நிதானமாகப் பேசினார். "வெள்ளைச் சட்டையோட போனவன் சிவப்புச் சட்டையில விழுந்து கிடந்தான். உங்க அம்மாவுக்குக்கூட அது தெரியாது. நீங்க கூட்டாளிங்களையும் கேக்கல, அந்த இடத்துலயும் விசாரிக்கல. உடம்பைப் பார்க்கும்போது சட்டையே இல்ல. அப்போ சிவப்புன்னு எப்படித் தெரிஞ்சது, தம்பி?"

தேவப்பிரியம் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான்.

"பின்னால, எனக்குப் பேசி முடிச்ச பொண்ணோட அப்பா உக்காந்திருந்தாரு. சர்ச்சுக்குப் போய்க்கிட்டிருந்தோம். 'யாரது?'ன்னு கேட்டாரு. 'யாரோ குடிகாரன்'னு சொல்லிட்டேன். நெசமாவே குடிச்சிருக்கான்னுதாம்மா நினைச்சேன்."

"வேர்த்திருந்துச்சா?" என்றார் சுகிர்தம்.

"நனைஞ்சு கிடந்தான்."

ஜெனிஷுக்கு வேர்த்துக் கொட்டினால் சர்க்கரை குறைகிறது, உடனே இனிப்பு கொடுக்கவேண்டும் என்று இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்தவர் அவர். எழில்மொழி நோட்டை மூடிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"போ. அந்த மனுஷன்கிட்ட, அது என் தம்பின்னு சொல்லிட்டு வா," என்றார் சுகிர்தம்.

தேவப்பிரியம் எழுந்து போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, சுகிர்தம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.